காற்று திரும்பும் நேரம்

எங்கள் வீட்டு ஹாலில் கடிகாரம் தேவையில்லை, திரைச்சீலையைப் பார்த்தால் போதும் என்பார் என் கணவர். கோடைக்காலத்தில் காலை முழுக்க அந்தத் திரை பால்கனிப் பக்கமாக வெளியே இழுபட்டுக்கொண்டே இருக்கும். மேற்கே படப்பைப் பக்கத்து வெயிலையெல்லாம் வாரிக்கொண்டு வருகிற காற்று, அடுக்களை ஜன்னலில் நுழைந்து பால்கனி வழியாக வெளியேறும். மதியம் மூன்று மணி வாக்கில் கொஞ்ச நேரம் திரை அசையாமல் தொங்கும். பிறகு உள்பக்கமாக உப்பும். கடல்காற்று வந்துவிட்டது என்று அர்த்தம். கடலோரத்தில் கிளம்பி, பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்பு எல்லாம் தாண்டி, சேலையூருக்கு வந்து சேர அதற்கு அவ்வளவு நேரமாகும். கடற்கரையில் குடியிருப்பவர்களுக்கு மத்தியானத்துக்கு முன்பே கிடைத்துவிடுவது எங்களுக்குக் கடைசிப் பந்தியில்தான் கிடைக்கும்.

நான் கணக்கு டீச்சர். ரிடயர் ஆகும்வரை தாம்பரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே கரும்பலகைக்கு முன்னால் நின்றவள். காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்து, அடிக்காவிட்டால் ஃபேனைப் போடு. அதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயமும் இருந்ததில்லை. அவருக்குக் காற்றுதான் பிழைப்பு. வானிலை ஆபீசில் வேலை. வேளை தவறாமல் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, காற்று எந்தத் திசை, என்ன வேகம், மேகம் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கருவி சொன்னாலும் கண்ணாலும் பார்ப்பார். இலை மட்டும் சலசலத்தால் இரண்டு, சின்னக் கொடி விரிந்து நின்றால் மூன்று, தூசியும் பேப்பரும் கிளம்பினால் நாலு. கல்யாணமான புதிதில் பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, எதிர் ஜவுளிக்கடையின் தோரணத்தைப் பார்த்து, "மூணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். கூட நிற்கிற புதுப் பெண்டாட்டி என்ன கலரில் புடவை கட்டியிருக்கிறாள் என்று கேட்டால் தெரியாது.

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெண் பார்க்க வந்த அன்று, என்ன பேசுவது என்று தெரியாமல், "டீச்சர், உங்க ஸ்கூல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?" என்று கேட்டார். அந்த டீச்சர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தாலும் டீச்சர், குழைந்தாலும் டீச்சர். மகள் பிறந்த பிறகு அவளும் கொஞ்சநாள் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மத்திய அரசு வேலை என்றால் மாற்றல் உண்டு. விசாகப்பட்டினம், பாலக்காடு, கயா, கொல்கத்தா என்று அவர் சுற்றினார். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுத்தோம். என்னுடையது நிரந்தர வேலை, விட்டால் திரும்பக் கிடைக்காது. மகளுக்குப் பள்ளிக்கூடம் மாற்றிக்கொண்டே இருக்க முடியாது. பிறகு இந்த ஃப்ளாட்டும் அதற்கு வாங்கிய லோனும். யார் மேலும் தப்பில்லை. அந்தக் கணக்கை இன்றைக்கு எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் அதே விடைதான் வருகிறது. சரியான விடைதான். சரியாகப் போட்ட கணக்கில் இவ்வளவு நஷ்டம் வருமா என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து நான் பாத்திரம் ஒழித்துப் போடுகிற நேரத்துக்கு, எஸ்டிடி பூத்திலிருந்து பேசுவார். ஹலோ கூடக் கிடையாது. "டீச்சர், அங்க காத்து திரும்பிடுச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. திரும்பிடுச்சு என்பேன், பல நாள் திரையைப் பார்க்காமலே. அதற்கப்புறம் அவர் இருக்கிற ஊரின் காற்றைப் பற்றி ஆரம்பிப்பார். "இங்க நேத்து சாயங்காலம் பாரு..." என்று அவர் இழுக்கும்போதே, "மீட்டர் ஓடுது, விஷயத்துக்கு வாங்க" என்று நான் குறுக்கே விழுவேன். பூத்தில் சிவப்பு எண்கள் அங்கே அவர் கண்ணுக்கு முன்னால் ஓடின என்றால் இங்கே என் காதுக்குள் ஓடின. மகளுக்குக் காய்ச்சல், மோட்டார் ரிப்பேர், சர்ச் சபையில் யாருக்குக் கல்யாணம், எல்லாம் மளமளவென்று சொல்லி முடிப்பேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில், "சரி டீச்சர், வெச்சிடறேன்" என்பார். செல்போன் வந்து மீட்டர் ஒழிந்த பிறகும் எங்கள் பேச்சு அந்த நீளத்துக்கே பழகிப்போயிருந்தது.

ரிடயர் ஆனதும் அந்த ஊர்களுக்கெல்லாம் என்னை அழைத்துப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். சும்மா போகக்கூடாதாம். ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் காற்று அடிக்கிற மாதத்தில் போக வேண்டுமாம். ஊர் பார்க்கப் போகிறவர்கள் கோயில் பார்ப்பார்கள், கோட்டை பார்ப்பார்கள், காற்றைப் பார்க்கப் போகிற முதல் ஜோடி நாம்தான் என்று நான் கிண்டல் செய்வேன். அவர் ரிடயர் ஆனார், நானும் ஆனேன். மகளின் கல்யாணம் வந்தது. என் முழங்கால் மக்கர் பண்ணியது. ஊர் உலகமே கதவைச் சாத்திக்கொண்ட அந்த நோய்க்காலம் வந்து போனது. அடுத்த வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளினோம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதற்கு, லீவு போட்ட தமிழ் டீச்சருக்குப் பதிலாக வகுப்புக்குப் போய் நானே எத்தனை பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லியிருப்பேன்.

சபையில் அறுப்பின் பண்டிகை முடிந்த வாரம், காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அடுக்களைக்கு வந்தார். என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. வலது கை பிளேடைப் பிடித்தபடியே தொங்கிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது காலில் ஓரளவு பலம் திரும்பியிருந்தது, கைத்தாங்கலாக நடந்தார். பேச்சு மட்டும் திரும்பவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கக் குரோம்பேட்டையிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வருவாள். என் மகளைவிடச் சின்னவள், பொறுமையில் என்னைவிட மூத்தவள். நாம் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிகிறது, சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கிறது, அதற்கான சொல்தான் கைக்கு அகப்படுவதில்லை என்று விளக்கினாள். தட்டு, தண்ணீர், சட்டை என்று படம் படமாகக் காட்டுவாள். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். கண்ணில் தெரியும், வாயில் வராது. எனக்குத் தட்டும் வேண்டாம், சட்டையும் வேண்டாம். ஒரே ஒரு தடவை டீச்சர் என்று கூப்பிட்டால் போதும் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பகலில் எதையாவது அவருக்குப் பின்னால் உருட்டுவேன், அந்தச் சத்தத்துக்காவது கூப்பிடுகிறாரா பார்க்கலாமே என்று. திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் தாண்டி ஒரு ஞாயிறு அவரைச் சபைக்கு அழைத்துப் போனேன். பழைய கீர்த்தனை ஒன்றைப் பாடத் தொடங்கினார்கள். பக்கத்தில் இவர் பாடினார். முணுமுணுப்பு இல்லை. வாய்விட்டு, ராகத்தோடு, ஒவ்வொரு சரணமாக, ஓர் எழுத்துப் பிசகாமல். நான் பாட மறந்து அவர் வாயையே பார்த்தேன். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்து அழுதார்கள். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். ஐயர் ஆராதனை முடிந்ததும் ஓடி வந்து, அடுத்த வாரம் நீங்கள் கட்டாயம் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். அற்புதம் நடந்தால் சபைக்கு முன்னால் அதை எடுத்துச் சொல்வது எங்கள் வழக்கம். எனக்கும் சந்தேகம் வரவில்லை. ஆசை யாரை விட்டது.

அடுத்த ஞாயிறு நான் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னேன். முடித்ததும், அண்ணனும் ரெண்டு வார்த்தை சொல்லட்டும் என்று யாரோ அவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அவர் அதை இடது கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஸ்பீக்கரில் வெறும் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. பாடகர் குழுத் தலைவர் நல்ல மனுஷன், சட்டென்று ஒரு பாட்டை எடுத்துவிட்டார். இவரும் கூடச் சேர்ந்து முழுசாகப் பாடினார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து அழுதார்.

மனப்பாடமாகக் கிடப்பது தானாக வரும், பாட்டு வருவதும் பேச்சு வருவதும் ஒன்றில்லை என்று பேச்சுப் பயிற்சிக்கு வருகிற அந்தச் சின்னப் பெண் பிறகு சொன்னாள். சபையில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. பிறந்த நாள், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் பாடியே வளர்ந்தவர்கள் நாங்கள். இத்தனை சரணம் பாடுகிறவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கேட்கத் தெரியாது என்று எங்களில் யாருக்குத் தோன்றும்?

முதல் சொல் மார்ச் மாதக் கடைசியில் வந்தது. கரண்ட் இல்லை. அவரைப் பால்கனி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். எதிரே காலி மனை. அதில் சீமைக்கருவேலமும் நாலைந்து பனைமரமும். எங்களுக்குக் கடல்காற்று வருகிற வாசல் அதுதான். திரை அசைவற்று நின்றது, பிறகு உள்ளே உப்பியது. அவர் இடது கையைக் கிழக்கே நீட்டி, "புர்வாயி" என்றார்.

உளறல் இல்லை. அச்சடித்ததுபோலத் தெளிவாக வந்தது. இன்னொரு தடவையும் சொன்னார், எனக்குப் புரிகிறதா என்று பார்த்தார். எனக்குப் புரியவில்லை. கீரையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். மேல் வீட்டில் இருப்பவர் விமானப்படையில் வேலை பார்த்து ரிடயர் ஆனவரின் மனைவி, உத்தரப் பிரதேசத்துக்காரர். தாம்பரத்துக்குக் கடைசியாக மாற்றலாகி வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர் தமிழ் எல்லா இடத்துக்கும் ஓடும், கியர் மட்டும் மாறாது. சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"அது கிழக்கு காத்து, தீதி. எங்க கிராமத்துல புர்வாயி அடிச்சா பழைய அடி எல்லாம் மறுபடி வலிக்கும்னு சொல்வாங்க," என்றார். சொல்லிக்கொண்டே தன் முழங்கையைத் தடவிக்கொண்டார். பிறகு ஜன்னலைப் பார்த்து, "இங்க தினம் தினம் அதுதானே அடிக்குது. நான் பேரு சொல்லிப் பார்த்ததே இல்ல," என்றார்.

கீழே வந்து, வலிக்குதா என்று அவரிடம் கேட்டேன். வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தைலம் கொண்டுவந்து தேய்த்தேன். இந்தி பேசுகிற கயாவில் தனியாக இருந்த வருஷங்களில் இந்தக் காற்று அடித்தபோது இவருக்கு எது வலித்தது, யார் தேய்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். யாரும் தேய்த்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று, சில வாரம் ஒன்றுமில்லை என்று சொற்கள் வந்தன. எல்லாம் காற்று, எல்லாம் வேறு பாஷை. மகள் சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இந்தியாவின் அத்தனை மாநிலமும் அவள் கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. அப்பா சொல்வதை நான் செல்போனில் பதிவு செய்து அனுப்புவேன், அவள் சாப்பாட்டு மேசையில் போட்டுக் காட்டுவாள். "ஈதுரு காலி" என்று அவர் சொன்னதைக் கேட்டு, அது மழைக்கு முன்னால் சுழற்றி அடிக்கிற காற்று, அது கிளம்பினாலே துணி எடு துணி எடு என்று அம்மா மொட்டை மாடியிலிருந்து கத்துவார் என்று ஒரு தெலுங்குப் பையன் சொன்னானாம். "கால்பைசாகி"யைக் கேட்ட வங்காளத்துப் பெண், அது கோடைச் சாயங்காலத்தில் வானம் கறுத்து அடிக்கிற புயல், மரத்தடியில் உதிர்கிற மாங்காயைப் பொறுக்க ஓடுவோம் என்றாளாம். சொல்லி முடித்துவிட்டு எழுந்து போய்த் தன் வீட்டுக்குப் போன் செய்தாளாம். "திருவாதிரக் காற்று" என்று ஒருநாள் அவர் சொன்னபோது, தமிழே வந்துவிட்டது என்று நான் துள்ளினேன். அது எங்கள் பாலக்காட்டுக் காற்று, மார்கழியில் மலை இடைவெளி வழியாகப் பனைகளை உலுக்கிக்கொண்டு வரும், உங்களுக்குத் தர முடியாது என்று அந்த மேசையில் ஒரு மலையாளிப் பெண் உரிமை கொண்டாடிவிட்டாள். திங்கட்கிழமை ஆனால், அங்கிள் இந்த வாரம் என்ன சொன்னார் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்களாம்.

அவர்களுக்கெல்லாம் அவர் சொல்வது போய்ச் சேர்ந்தது. எனக்குத்தான் அடுத்தவர் சொல்லி வந்தது. பொறாமையாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒவ்வொரு சொல்லும் நான் இல்லாத ஒரு வருஷத்திலிருந்து வந்தது. மாங்காய் உதிர்ந்த சாயங்காலத்தில் அவர் எங்கே நின்றிருப்பார், துணியை யார் எடுத்திருப்பார்கள்? போனில் அவர், "இங்க நேத்து சாயங்காலம் பாரு..." என்று இழுத்ததெல்லாம் இதைத்தானா என்று தோன்றும். பதில் சொல்ல வேண்டியவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், அவரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. ஊமை கண்ட கனா என்பார்கள், அதை ஒவ்வொரு மதியமும் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன்.

தமிழிலும் காற்றுக்குப் பஞ்சமா? எனக்கே அவர்தான் சொல்லித் தந்தார். தெற்கிலிருந்து வந்தால்தான் தென்றல், வடக்கு வாடை, மேற்கு கோடை, கிழக்கு கொண்டல். மெல்ல அடிக்கிற எதையும் டிவியில் தென்றல் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. திசை தெரியாதவன் எல்லாம் காற்றைப் பற்றிப் பேசுகிறான் என்பார். அதனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. டீச்சர் புத்தி வேறு என்ன செய்யும்? திரை உப்பியதும் எதிரில் போய் நின்றுகொண்டு, "கொண்டல். சொல்லுங்க, கொண்டல்" என்று வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதுபோலத் தொடங்கினேன். அவர், விடை தெரிந்தும் எழுந்து நிற்கப் பயப்படுகிற கடைசி பெஞ்சுப் பையனைப்போலப் பார்த்தார். சில நாளில் பால்கனிக்கே வரமாட்டேன் என்று நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தச் சின்னப் பெண்தான் என்னைத் தனியாக அழைத்து, "எந்த பாஷையில வந்தாலும் வாங்கிக்கோங்க ஆன்ட்டி. அவர் அதை உங்ககிட்டதானே சொல்றார்," என்றாள். அன்றோடு பாடம் நடத்துவதை நிறுத்தினேன்.

அந்த ஆடியில் எங்கள் காற்று முறைப்படி காணாமல் போனது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றால், மேற்கே இருந்து அது தள்ளுகிற தள்ளில் கடல்காற்று மட்டும் எங்கே நிற்கும்? சித்திரை வந்தால் திரும்பி வரும் என்று இருந்தேன். அதற்குள் எதிர் மனையில் லாரி வந்து நின்றது. சீமைக்கருவேலத்தை ஒரே நாளில் வழித்துப் போட்டார்கள். பனைமரங்களை மறுநாள். எவ்வளவு உயரம் கட்டப்போகிறீர்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லி, அந்தக் காற்று அவருக்கு மருந்து மாதிரி என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, சொன்னால் ஒரு மாடியைக் குறைத்துவிடுவாரா என்ன.

மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு நின்றார். "கேக்கவே கஷ்டமா கீதும்மா. நாங்க இன்னா பண்றது, ஓனரு சொல்றாரு, ஏத்திகினு போறோம்," என்றார். பாவம், மறுநாளிலிருந்து எங்கள் பக்கம் தூசி வராமல் ஒரு பச்சைத் துணி கட்டிவிட்டார்.

இரண்டாவது மாடித் தளம் போட்டபோது எங்கள் திரை பாதிதான் உப்பியது. மூன்றாவது ஏறியபோது அதுவும் நின்றது. இந்தச் சித்திரையில் மூன்று மணிக்கு அவர் பால்கனியில் தயாராக உட்கார்ந்திருப்பார். எதிரே பூசாத செங்கல் சுவர். திரை தொங்கும், தொங்கிக்கொண்டே இருக்கும். நாலு மணி வரை காத்திருந்துவிட்டு என்னைப் பார்ப்பார். காற்று இல்லாமல் சொல்லும் வரவில்லை. நான் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து கிழக்குப் பக்கமாக வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஆயுசு முழுக்கக் காற்றைப் படித்த மனுஷனிடம் டேபிள் ஃபேனைக் காட்டுகிறேன், என் புத்தியை என்ன சொல்ல. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் போட்டுச் சிரித்தார். அப்புறம் நிறுத்திவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மொட்டை மாடிக்குப் போகலாம் என்று தோன்ற எனக்கு ஏன் அவ்வளவு நாள் ஆனது என்று தெரியவில்லை. லிஃப்ட் கடைசி மாடி வரைதான் போகும், அதற்கு மேல் படி ஏற வேண்டும். அவர் கால், என் முழங்கால் இரண்டும் சேர்ந்து அந்த யோசனையைத் தடுத்திருக்க வேண்டும். போன ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு, அசோசியேஷன் செகரட்டரியிடம் சாவி வாங்கிக்கொண்டு அவரைக் கிளப்பினேன். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார், நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு படியிலும் நின்று, யார் யாரைத் தூக்குகிறோம் என்று தெரியாமல் மேலே போய்ச் சேர்ந்தோம்.

கதவைத் திறந்தால் வெயில் முகத்தில் அறைந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றோம். மேற்குக் காற்று இன்னும் ஓயவில்லை, கொடியில் யாரோ காயப்போட்ட போர்வை கிழக்கே பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. எதிர்க் கட்டிடத்துக்கு அப்பால், வரிசை வரிசையாக மாடிகள், அதற்கும் அப்பால் பள்ளிக்கரணைப் பக்கம் வெளிறிய ஒரு பட்டை. கொஞ்ச நேரத்தில் போர்வை தளர்ந்து நேராகத் தொங்கியது. அவர் நிமிர்ந்தார். என் கையை விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கழுத்து வேர்வையில் முதலில் குளிர் தெரிந்தது, அப்புறம்தான் போர்வை எங்கள் பக்கம் புரண்டது.

அவர் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையைச் சுவரிலிருந்து எடுத்துக் காதோரம் வைத்துக்கொண்டார், காற்று இரைச்சலுக்கோ என்னவோ. புர்வாயி என்பார் என்று நான் காத்திருந்தேன்.

"டீச்சர்," என்றார். "அங்க காத்து திரும்பிடுச்சா?"

நான் அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் புடவைத் தலைப்பு அவர் மேல்தான் அடித்துக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. கயாவிலோ கொல்கத்தாவிலோ ஓர் எஸ்டிடி பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, தாம்பரத்தில் இருக்கிற என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லுக்காக எத்தனை மாதம் காத்திருந்தேன். வந்தது, இவ்வளவு தூரத்திலிருந்து வந்தது. அவரை உலுக்கி, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. எங்கே இருந்து கேட்டாலும் அவர் கேட்பது என்னிடம்தானே என்று பட்டது.

"திரும்பிடுச்சுங்க," என்றேன். "இப்பதான் திரும்புச்சு. கொடியில போர்வை மேற்கால பறக்குது. கீழ வேப்பமரத்துல கிளை ஆடுது, தூசி கெளம்பல. மூணு இருக்கும். கொஞ்சம் உப்பு வாசனை வருது. கழுத்துல பட்டதும் ஜில்லுனு இருந்துச்சு."

கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் இன்னும் ஏதாவது சொல்வேனா என்று சற்று நேரம் பார்த்தார். பிறகு, "சரி டீச்சர்," என்றார். "வெச்சிடறேன்."

"வைக்காதீங்க," என்றேன். அவர் கையைக் காதோரத்திலேயே என் கையால் பிடித்துக்கொண்டேன். "மீட்டர் ஓடினா ஓடட்டும். அங்க காத்து எப்படி இருக்கு, அதைச் சொல்லுங்க."

அவர் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. அத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதை அவரிடம் கேட்டதில்லை.